சாதகத்தில் இல்லாத ஒப்பரேஷன்

என் முதல் மனைவி இரண்டாவது பிள்ளையைப் பெற்றபோது செத்துப் பிழைத்தாள். இனி வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்து, நான் குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்துகொண்டேன். அரை மணித்தியால வேலை. வீட்டில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அவள் புற்றுநோயில் இறந்தாள்.

எனக்கு ஐம்பத்துநான்கு வயதானபோது அக்கா மறுபடி பெண் பார்த்தா. பெண் ஆசிரியை, முப்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு சாத்திரியாரிடம் இரண்டு சாதகங்களையும் கொண்டுபோனார்கள். எனக்குப் புத்திர பாக்கியம் பலமாக இருக்கிறது என்றார் அவர். பெண் வீட்டாருக்கு அது போதும். ஏற்கெனவே இரண்டு பெற்றவனிடம் வேறென்ன கேட்பது? சொன்னால் கலியாணம் குழம்பும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த முதல் வருடமே அவள் டொக்டரிடம் போகவேண்டும் என்றாள்.

“நீர் போய்க் காட்டும். என்னில என்ன பிழை? ரெண்டு பெத்தனான்தானே” என்றேன்.

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டினேன். அவள் டொக்டர் மாற்றி டொக்டரிடம் போனாள். கருக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்த அன்று, முச்சக்கரவண்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். நான் சாரதிக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தேன். கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தாள். எனக்கு மூன்று வேளையும் சமைத்துத் தந்துவிட்டுத்தான் இருந்தாள்.

என் மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க அவள் தட்டைத் தூக்கினாள். மண்டபம் நிறைய ஆட்கள். அக்கா வந்து தட்டைப் பிடித்தா.

“நீர் விடும். பிள்ளை பெத்தவை எடுக்கட்டும்.”

நான் ஆறடி தூரத்தில் சால்வையோடு நின்றேன். என் கண்ணைத்தான் அவள் பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் தகப்பனோடு கதைக்கத் திரும்பினேன்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றாள் வீடு திரும்பும்போது.

“அந்த இடத்தில அக்காவோட சண்டை பிடிக்கச் சொல்லுறீரே?”

கடைசியாகப் பொரளையில் ஒரு லேடி டொக்டர், கணவனைச் சோதிக்காமல் இனி ஒரு குளிசைகூட எழுதமாட்டேன் என்றுவிட்டா. வேறு வழியில்லாமல் சோதனைக்குக் கொடுத்தேன். ரிப்போட்டில் விந்தணு ஒன்றுகூட இல்லை.

“ஐயா, முந்தி ஏதும் ஒப்பரேஷன் செய்தனீங்களோ?”

அவள் எனக்காகப் பதில் சொன்னாள். “இல்லை டொக்டர், இவருக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கினம்.”

என் வசனம் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோதுதான் எனக்குக் கூசியது.

“செய்தனான்” என்றேன்.

அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கினாள். ஊசியால் என்னிடமிருந்து விந்தணு எடுத்து வெளியில் கருவாக்கலாம், ஆனால் அவளுடைய வயதுதான் பிரச்சினை என்றா டொக்டர். “கலியாணம் முடிச்ச உடனே வந்திருந்தா வேற கதை.” அவளுக்கு அப்போது நாற்பத்துமூன்று. இரண்டு கருக்கள் வைத்தார்கள், இரண்டும் தங்கவில்லை. அடுத்த முறை முட்டையே கிடைக்கவில்லை. இனி வேண்டாம் என்று டொக்டர் நிறுத்திவிட்டா.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றமுன் சொன்னாள்:

“உங்கட அக்காவுக்கு இப்ப போன் எடுங்கோ. என்ர காதில கேக்கச் சொல்லுங்கோ. ஸ்பீக்கரில போடுங்கோ.”

சொன்னேன். அக்கா குரலைத் தாழ்த்தினா.

“சரி தம்பி, வெளியில விடாதை. அவளுக்கு எப்பிடியும் பழகிப்போச்சு. நீ ஏன் உன்ர பேரைக் கெடுக்கிறாய்?”

“கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் மச்சாள்” என்று சொல்லி அவள் போனை வெட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

“வாயால சொன்னா பாதியை விழுங்கிப்போடுவியள். எழுதுங்கோ. அவ தட்டைப் பறிச்சதைப் பாத்த எல்லாரும் வாசிக்கட்டும்.”

எழுதினேன். மேலே, அந்த வசனத்தை வைத்து ஓட்டியது ஆறு வருடம் என்று போட்டிருந்தேன். அவள் வாசித்துவிட்டு, பேனையை எடுத்து ஏழு என்று திருத்தினாள்.