கத்துகிற பிள்ளையும் பால்வாடி டீச்சரும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அப்படியிருந்தும் எண்பதுகளின் தொடக்கத்திலேயே எடப்பாடியில் சொந்தமாக நான்கு விசைத்தறி போட்டேன். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? தறி ஓட்டுவது நான். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு வேண்டிய ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் குச்சியில் சுற்றித் தருவது என் மனைவி. அவள் கை நின்றால் நான்கு தறியும் நிற்கும்.

எங்கள் ஒரே மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் பால்வாடியில் விட்டோம். அதுவரை தறிகளுக்கு நடுவே தூளியிலும் நூல் மூட்டை மேலும் வளர்ந்தவள். நான்காம் நாளே பால்வாடி ஆயா செய்தி கொண்டுவந்தார். பிள்ளை காது கிழியக் கத்துகிறாளாம், மற்ற குழந்தைகள் பயந்து அழுகின்றனவாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாராம் டீச்சர்.

பக்கத்து வீட்டம்மா சும்மா இருப்பாரா? "ஊட்டோட இருந்து வளத்திருந்தா அடக்கமா இருந்திருக்கும். தறி தறின்னு கெடந்தா இப்படித்தான் ஆகும்" என்றார்.

மனைவி அன்று சாப்பிடவில்லை. "தார் சுத்த ஆளு போட்டுக்குங்க. நான் புள்ளயப் பாத்துக்கறேன்" என்றாள். ஆள் போடுகிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "எம் புள்ளயக் கொற சொல்றவங்க நேர்ல வந்து சொல்லட்டும்" என்று ஆயாவிடமே சொல்லியனுப்பினேன்.

மறுநாள் மாலை டீச்சர் வந்தேவிட்டார். தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி வீட்டார் வந்தாலும் தறியை நிறுத்தாத தெரு எங்களுடையது.

டீச்சர் மெதுவாக ஏதோ சொன்னார். கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "என்னங்க?" என்றாள் மனைவி. மகள் அவர் சேலையை இழுத்து, "கத்திச் சொல்லுங்க டீச்சர்" என்று கத்தினாள்.

டீச்சர் கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் சட்டென்று நின்றன.

"உங்க புள்ள ரொம்பக் கத்துதுங்க" என்று அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "ரெண்டு நிமிசத்துல என்னையே கத்த வெச்சிட்டீங்க. இதுலயே வளந்த புள்ள வேற எப்படிங்க பேசும்?"

"அப்ப நாளைக்கு அனுப்பட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டாள் மனைவி.

"கட்டாயம் அனுப்புங்க. ஊட்டுலயே இருந்தா மெல்லப் பேச எங்க கத்துக்கும்?"

பத்தே நாள். பால்வாடிக்கு ஒரு குரல், வீட்டுக்கு ஒரு குரல் என்று பழகிக்கொண்டாள் மகள். அந்தச் சாமர்த்தியம் என் ரத்தம் என்று இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வேன். அன்று அப்படிச் சொன்னபோது, "மெல்லப் பேசறது டீச்சர் குடுத்தது. கத்தறது மட்டுந்தான் உங்க ரத்தமுங்க" என்று தறிச் சத்தத்தை மீறிக் கத்தினாள் மனைவி, தார் சுற்றிக்கொண்டே.