கட்டிலுக்கடியில் ஒரு கிண்ணம்

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சில காலம் வளர்க்கச் சொல்லி, பூதப்பாண்டியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அழைத்து வந்த குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண், மனநல ஆலோசகரைப் பார்க்க ஒரு சீட்டும் தந்தார். அதைக் காலண்டர் ஆணியில் குத்தியதோடு சரி. அழவே அழாத பிள்ளைக்கு எதற்கு ஆலோசகர்? என் வளர்ப்பைத் தெருவே மெச்சியது. எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது.

மத்தியானம் சோறு போட்டால் பாதியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைப்பாள். அங்கிருந்த இருட்டைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து "உஸ்" என்பாள். பிறகு காதுகொடுத்துக் கேட்பாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நாத்தனார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"ஏட்டி, கட்டிலுக்கடியில வாதை இருக்கு, பேயாக்கும். அதுக்கும் ஒரு பங்கு வச்சிரு. பசிச்சா பிள்ளைய புடிச்சிரும்."

படித்தவள்தான் நான். ஆனாலும் மறுநாளே தனிக் கிண்ணத்தில் சோறு வைத்தேன். குழந்தை தூங்கியதும் எடுத்துக் கொல்லையில் கொட்டுவேன். விழித்ததும் காலிக் கிண்ணத்தைப் பார்த்து, "தின்னாச்சா?" என்பாள். "தின்னாச்சு மக்ளே" என்பேன். யார் என்று கேட்க எனக்குப் பயம். அவளோ தன் தட்டிலிருந்தும் அள்ளி அதில் போட ஆரம்பித்தாள். இரண்டே மாதத்தில் சட்டை தோளில் நிற்கவில்லை. அப்போதுதான் சீட்டை எடுத்தேன்.

நான் சொன்ன கிண்ணக் கதையைக் கேட்டுவிட்டு, ஆலோசகர் தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பரப்பினார். குழந்தை இருப்பதிலேயே சின்னதை எடுத்து, பொம்மைக் கட்டிலுக்கடியில் ஒளித்து, பக்கத்தில் ஒரு சொப்பை வைத்தாள். "உஸ்."

ஆலோசகர் உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒரு வயதுத் தம்பி இருக்கிறானாம். குடித்துவிட்டு அடிக்கும் அப்பனிடமிருந்து அவனை அப்படி ஒளித்துவைத்து, சோறும் கொடுத்திருக்கிறாள். அவன் இப்போது நாகர்கோவிலில் ஒரு காப்பகத்தில். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தம்பியைக் காட்ட நான் ஏற்பாடு பண்றேன். இனிமே பொய் சொல்லாதீங்க. அழுதா தடுக்காதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தம்பி இங்க இல்ல மக்ளே. வேற வீட்டுல இருக்கான். நல்லா சோறு தின்னுதான். நாம போய்ப் பாப்போம்."

இறங்கிப் போய்க் கட்டிலுக்கடியில் நெடுநேரம் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"அப்போ இங்க யாரு தின்னது?"



"யாரும் தின்னல மக்ளே. நாந்தான் எடுத்துக் கொட்டினேன்."

எங்கள் வீட்டுக்கு வந்தபின் அன்றுதான் அவள் முதன்முதலாக அழுதாள். "தம்பி தின்னலியா?" என்று கேட்டுக் கேட்டு, அவன் இத்தனை நாளும் பட்டினி கிடந்தான் என்று நினைத்து அழுதாள்.