லைசென்ஸ் என் பையில், சக்கரம் அவன் கையில்

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பண்ணையில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, எங்கள் பண்ணையார் மதராஸிலிருந்து ஒரு மோட்டார் கார் தருவித்தார். சீமையில் பெரிய சண்டை தொடங்குவதற்குச் சற்று முந்தி என்று ஞாபகம். கார் ரயிலில் அம்பாசமுத்திரம் வந்து இறங்கியது. பெட்ரோல் டின்கள் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டதால், அங்கிருந்து நாலு மாடு பூட்டி இழுத்து வந்தோம். மோட்டார் எங்கள் ஊருக்குள் நுழைந்தது அப்படித்தான். பண்ணையார் மட்டும் காருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து இருபுறமும் கும்பிடு வாங்கிக்கொண்டே வந்தார்.

அதை ஓட்ட ஆள் வேண்டும். ஓட்டுகிறவன் பாளையங்கோட்டையில் போலீஸ் துரை முன்னால் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது சட்டம். பண்ணையார் ஒரு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வே, இது இங்கிலீஷ் வண்டி. கூட வந்திருக்க புஸ்தகமும் இங்கிலீஷ். உமக்கு இங்கிலீஷ் தெரியும். நீர்தான் ஓட்டணும்."

நான் மெட்ரிகுலேஷனில் தவறியவன். அதுவும் கணக்கில் தவறியவன். அதனால்தான் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்ததோ என்னவோ. மாட்டு வண்டியில்கூட நான் கயிற்றைப் பிடித்ததில்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மோட்டாரில் உட்கார்ந்து ஊரைச் சுற்றும் என் உருவம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

காரோடு ஒரு மெக்கானிக் வந்திருந்தான். பத்து நாள் தங்கிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. காலையில் களத்துமேட்டில் பயிற்சி. முதல் நாள் வைக்கோல்போரில் கொண்டு போய் முட்டினேன். இரண்டாம் நாளும் அதே வைக்கோல்போர்தான். மூன்றாம் நாள் போரைக் கலைத்து வேறு இடத்தில் போட்டார்கள். நான் அங்கேயும் போய்ச் சேர்ந்தேன். புஸ்தகம் மட்டும் தலைகீழ்ப் பாடம். கிளச் என்றால் என்ன, அதை எப்போது மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த நேரம் வரும்போது என் காலுக்குத்தான் அது தெரியாது.

பண்ணையாரின் குதிரை வண்டியை ஓட்டியவன் என் வயதுக்காரன். கார் வந்ததும் குதிரையை விற்றுவிட்டார்கள். இவனுக்குக் கார் கழுவும் வேலை. நான் போரில் முட்டும்போதெல்லாம் வாளியோடு ஓரத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். சிரிக்க மாட்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் நாள் மெக்கானிக் அலுத்துப் போய் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். அவன் கையால் திருப்பும் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எடுத்த இடத்திலேயே கொண்டு வந்து நிறுத்தினான். மறுநாள் பின்பக்கமாகவும் ஓட்டினான்.

"எப்படிலே?" என்று கேட்டேன்.

"மூக்கணாங்கயிறு இல்லாத மாடுன்னு நெனச்சுக்கிட்டேன் ஐயா. பைய விட்டா பைய போவுது."

மெக்கானிக் பண்ணையாரிடம் சொல்லி இவன் பேரையும் விண்ணப்பத்தில் எழுத வைத்தான். எழுதியது நான்தான்.

பரீட்சை நாளன்று பாளையங்கோட்டைக்குக் காரை ஓட்டிப் போனது அந்தக் குதிரை வண்டிக்காரன்தான். லைசென்ஸ் இல்லாதவன் லைசென்ஸ் வாங்குவதற்காகப் இருபத்தைந்து முப்பது கல் ஓட்டிப் போகிறான். வழியில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் காரைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். பண்ணையார் இருவருக்கும் கையை உயர்த்தினார்.

துரை சிவந்த, உயரமான ஆள். கையில் சவுக்கு. அவருக்குக் குதிரைதான் தெரியும், மோட்டார் ஓட்டிப் பழக்கமில்லை என்று அவருடைய தலைமைக் குமாஸ்தா எங்கள் காதில் போட்டார். அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. பரீட்சை வைக்கிறவரும் என் ஜாதிதான்.

முதலில் வண்டிக்காரன். துரை அவன் பக்கத்தில் ஏறினார். நானும் குமாஸ்தாவும் பின்னால். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போகச் சொன்னார். சந்தை நாள். வாழைத்தார் வண்டிகள், கோரைப்பாய்ச் சுமை, நடுரோட்டில் ஒரு கோயில் மாடு. அவன் ஒருவரையும் உரசவில்லை. எதிரே வந்த வண்டி மாடு மிரண்டபோது இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய், மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்து, வண்டியைத் தாண்ட விட்டுத் திரும்பி வந்தான். துரை இரண்டு தரம் "குட்" என்றார்.

திரும்பி வந்ததும் ஒரு காகிதத்தை அவனிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷில் நாலு வரி. அவன் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வாசிக்கத் தெரியாது துரையே."

துரை தலையை ஆட்டிவிட்டு அவன் பேருக்கு நேரே கோடு போட்டார். நான் குமாஸ்தாவிடம், "வாசிக்கணும்னு சட்டத்துல இருக்கா?" என்று கிசுகிசுத்தேன்.

"துரை கேட்டா அது சட்டந்தான் வே. உம்ம வேலையப் பாரும்."

அங்கே நின்றவர்களில் துரையிடம் நேரே பேசக்கூடியவன் நான் ஒருவன்தான். 'இவனைப் போல ஓட்ட எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. என் முறை வந்துவிட்டதே என்ற பயம் ஒரு பக்கம்; ஒரு போட்டி ஒழிந்தது என்ற சந்தோஷம் மறு பக்கம்.

சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். முன்னால் கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பிக் கொடுத்ததும் வண்டிக்காரன்தான். கார் ஒரு குதி குதித்து, பத்தடி போய், செருமிவிட்டு நின்றது. அவன் ஓடி வந்து மறுபடி சுற்றினான். மறுபடி ஒரு குதி. துரையின் தொப்பி மடியில் விழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டென்னிஸுக்கு நேரமாகிறதாம். இறங்கி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எதிரே சாமி ஊர்வலம் வந்தால் என்ன செய்வாய்?

புஸ்தகத்தில் ஊர்வலம் இல்லை. கால்நடைகளைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. கால்நடை வருகிற இடத்திலெல்லாம் ஊர்வலத்தைப் போட்டு அரைப் பக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"நல்ல இங்கிலீஷ். எங்கே படித்தாய்?" என்றார் துரை. கையெழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பும்போதும் அவன்தான் ஓட்டினான். பண்ணையாருக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. லைசென்ஸ் வண்டியில் இருந்தால் போதும், எந்த ஆளிடம் இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. நான் அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருவேன். வளைவு வரும்போது அவன், "ஐயா, அமுக்குங்க" என்பான். நான் ரப்பர்க் குமிழை அமுக்கி ஹாரன் அடிப்பேன். பரீட்சையில் தேறியவனுக்கு அந்த வேலை. திசையன்விளை வரைக்கும் அப்படிப் போய் வந்திருக்கிறோம்.

ஒரு வருஷம் சென்று அதே துரை தமக்கென்று ஒரு கார் வாங்கினார். அந்த மாட்டைத் தடவிக் கொடுத்தவனை அனுப்பச் சொல்லிப் பண்ணையாருக்கு ஆள் விட்டார். துரை கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? போன அன்றே அவனுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. துணிமணி எடுத்துப் போக வந்தவனிடம் கேட்டேன்:

"காகிதம் வாசிக்கச் சொன்னாரா?"

"இல்ல ஐயா. பெருவிரல வைக்கச் சொன்னாரு. வச்சேன்."

அவன் முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை. "நீங்க பைய ஓட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரமே பத்தமடையில் ஒரு கல்யாணம். பண்ணையார் பட்டு அங்கவஸ்திரத்தோடு பின்னால் ஏறினார். வாய்க்கால் கரை வளைவில் நான் ஹாரனை ஒழுங்காக அடித்தேன். அதுதான் எனக்குப் பழக்கம். சக்கரத்தைத் திருப்ப மறந்தேன். கார் கரையிலிருந்து இறங்கி, நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்குள் பொதக்கென்று போய் உட்கார்ந்தது. அடி ஒன்றும் இல்லை. பண்ணையார் முழங்கால் சேற்றில் இறங்கி நின்று, என்னைத் திட்டத் தமிழில் வார்த்தை போதாமல் கொஞ்ச நேரம் திணறினார். பிறகு அந்த வழியாக வந்த வைக்கோல் வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனார். மாடு வரும்வரை காரைக் காவல் காக்கும் பொறுப்பு எனக்கு.

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைக் கையில் பிடித்தபடியே சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருத்தி விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். வயதில் மூத்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன் ஐயா, வண்டிய இங்கன தள்ளிட்டு ஓட்டுதவன் எங்க போனான்? ஓடிட்டானா?"

கழுத்தில் தொங்கிய லைசென்ஸ் பையை என் மேல்துண்டுக்குள் தள்ளிக்கொண்டேன்.

"ஆமா. ஓடிட்டான்" என்றேன்.

"கட்டையில போவான். எங்க நாத்த அழிச்சிட்டானே" என்று அவள் ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாடு வந்து சேரும்வரை நானும் கூடவே அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.