கள்ளி பூத்த பொட்டலில் அழகர்சாமி

அழகர்சாமியைக் கொன்றது வேலி போடாத ஒரு கிராவல் குழி. அதைத் தோண்டியவர்களிடம் லாரி இருக்கிறது, எந்திரம் இருக்கிறது, அனுமதி இருக்கிறது. நாலு கம்பு நட்டு ஒரு கயிறு கட்ட மட்டும் ஆள் இல்லை.

செய்தி வந்தபோது நான் கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டும் நேரம். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அழகரின் மனைவி மீனா. "அண்ணே, அவுக பொட்டல்ல குழிக்குள்ள கெடக்காகளாம். ஆடு மேய்க்கிறவுக வந்து சொல்றாக. மூச்சு இல்லையாம்ணே." கெட்டிமேளச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஸ்டுடியோவை வைத்துக் கல்யாணப் படம் எடுத்தவர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். மணமக்கள் நடந்து வர, கேமராவும் கையுமாக அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பான். அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் வழி சொல்வேன்: படி, தூண், குத்துவிளக்கு. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரைக்கும் ஒருமுறைகூடத் திரும்பாமல் போனான். அந்த வீட்டு ஆச்சி, "ஏப்பா, ஒனக்கு முதுகுல கண்ணு இருக்கா?" என்றார். "கண்ணு இல்ல ஆச்சி, பங்காளி இருக்கான்" என்றான்.

பங்குனி பிறந்துவிட்டால், முகூர்த்தம் இல்லாத காலைகளில் அவன் பொட்டலில்தான் கிடப்பான். செம்மண் சரளையும் முள்ளுமான நிலம். சப்பாத்திக்கள்ளி மஞ்சளாகப் பூத்திருக்கும். வயிறு தரையில் பட, தேனீ பூவுக்குள் இறங்கும்வரை காத்திருப்பான். சட்டையெல்லாம் முள் ஏறும். சரளைக்கு நடுவே சரளை நிறத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கும் ஆள்காட்டிக் குருவியிடம், மணப்பெண்ணிடம் பேசுவதைப் போலவே பேசுவான்: "தாயி, நாடியக் கொஞ்சம் இங்குட்டுத் திருப்புங்க. அம்புட்டுத்தான், முடிஞ்சிருச்சு."

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, கல்யாணப் பொண்ணு அகப்படலையா, கள்ளியப் போயி எடுக்குறீக?" என்று சிரித்தார். "இந்தப் பொண்ணு மேக்கப் போட நம்மளக் காக்க வைக்காதுண்ணே" என்றான் அழகர். அந்த வண்டி வந்தது கிராவல் அள்ளுவதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. அரசாங்கக் காகிதத்தில் அந்த நிலம் தரிசு. அதைக் கேட்ட அன்று அவன் சோறு தின்னவில்லை. "தரிசுன்னு எழுதுனவரு பங்குனியில இங்குட்டு வந்து பாத்தாராடா?" என்று என்னிடம் கத்தினான். தரிசு என்று எழுதிவிட்டால் தோண்டுவது சுலபம். பூத்ததும் பொரித்ததும் மனுக் கொடுக்காது.

அடுத்தடுத்து வேலை இருந்ததால் சில நாள் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. சமதரையாக இருந்த இடத்தை அதற்குள் தோண்டிவிட்டார்கள். கோவிலூர் கல்யாணத்துக்கு நான் ஒருவனே போதும் என்று அன்று காலை அவன் தனியாகப் பொட்டலுக்குப் போயிருக்கிறான். புதர் முழுக்கப் பூ. எல்லாம் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும் என்று பின்னால் நடந்திருக்கிறான். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் நடப்போம். கேமராவில் இருந்த கடைசிப் படங்களில் அந்தக் கள்ளிப்புதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. அதற்கு மேல் படம் இல்லை.

குழியருகே நின்ற சூப்பர்வைசரிடம், ஏன் வேலி போடவில்லை என்று கேட்டேன்.

"கேமராவுக்குள்ளயே கண்ண வச்சுக்கிட்டு பின்னால வந்தா நாங்க என்ன தம்பி செய்யிறது?"

"ஒரு கயிறு கட்டியிருக்கலாம்ல?"

"இந்தப் பொட்டலுக்கு எவன் வாரான்னு கட்டச் சொல்றீக?"

அழகர் வந்தான். ஒவ்வொரு பங்குனிக்கும் வந்தான்.

போலீஸ் காகிதத்தில் 'கவனக்குறைவால் தவறி விழுந்து' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் தோண்டியவர்கள் தப்பித்துவிட்டார்கள். மறுநாளே லாரி ஓடியது.

அவனை அறிந்தவர்களே, உங்கள் வீடுகளில் அவன் எடுத்த கல்யாணப் படங்கள் மாட்டியிருக்கும். என்னிடம் அவனுடைய பொறுமை இல்லை. கோபம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு இடத்தை ஒன்றுமில்லாத இடம் என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் மீனா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். கூடப் போனேன். அவள் அழவில்லை. நேராக எழுத்தரிடம் போய்க் கேட்டாள்.

"அவுக காலுக்குத் தெரியாத தரையா அது? தரையத் தோண்டினது ஆரு? அதை எழுதலையேய்யா நீங்க. 'எங்கப்பா கவனமில்லாமச் செத்தாக'ன்னு எம்மக நாளைக்குச் சொல்லணுமா? அந்தச் சொல்ல எடுங்க. குழின்னு எழுதுங்க."

எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் நின்றவரிடம், "ஒங்களுக்கு என்ன?" என்றார்.

மீனா நகரவில்லை. "குழின்னு எழுதுங்க" என்றாள்.