ஆங்கிலத் தேர்வில் அம்மா எழுதிய கடிதம்

அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மகள் என்ற முறையில் என்னை எழுதச் சொன்னார்கள். கண்ணீரோடு தொடங்க வேண்டும் என்று நினைத்து இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது, அழுகை பின்னால் வருகிறது. வருகிற வரிசையிலேயே எழுதிவிடுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கலில் பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிப் பிழைத்தவர்கள். ஐந்து பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு வரை போனவர் அம்மா மட்டும்தான். பொதுத்தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, ஆங்கிலத்தில் தவறினார். மறுபடி எழுதுவதற்குள் கல்யாணம் முடிந்து, விழுப்புரத்தில் காணைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குக் கரும்பு வெட்டும் வேலை. அம்மா அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்தார். பதினாறு வருடம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டார், மூக்கைத் துடைத்துவிட்டார், இடத்தைப் பெருக்கித் துடைத்தார். அந்த வேலையை ஒரு நாளும் குறைவாகப் பேசியதில்லை. ஆனால் அவருடைய ஆசையெல்லாம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருவதில்தான் இருந்தது. அதற்கு உதவியாளர் வேலை போதாது, பணியாளர் ஆக வேண்டும், பணியாளர் ஆக வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும்.

எங்கள் மையத்தின் பணியாளர் மறு வருடம் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த அன்றே அம்மா தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை தவறினால் வேறு ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார், அம்மா கரண்டியோடுதான் ஓய்வு பெற வேண்டியிருக்கும். நானும் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. ஒரே வீட்டில் ஒரே தேர்வுக்கு இரண்டு பேர். போட்டி என்றால் அப்படி ஒரு போட்டி.

காலை ஆறு மணிக்கு அடுப்படியில் பயிற்சி தொடங்கும். வழிகாட்டி நூலில் "ராமு மாம்பழம் சாப்பிட்டான்" என்று ஒரு வாக்கியம். அதைச் செயப்பாட்டு வினையாக மாற்ற வேண்டும். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த ராமுடி இவன்? ஊரு பேரு தெரியாதவன் மாம்பழம் தின்னா எனக்கு இன்னா, தின்னாட்டி எனக்கு இன்னா?"

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. இலக்கணம் எதுவாக இருந்தாலும் வாக்கியம் நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். நிகழ்காலத் தொடர் என்றால் அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். "அப்பா ஈஸ் சர்ச்சிங் ஹிஸ் டவல்." செயப்பாட்டு வினை என்றால் என்னைப் பார்ப்பார். "த உப்புமா வாஸ் பர்ன்ட் பை மை டாட்டர்." ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா குறட்டை விட்டால் போதும், எத்தனை மணியிலிருந்து, எத்தனை மணி நேரமாக என்று 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டையும் போட்டு எழுதிப் பார்த்துவிடுவார்.

அப்பா ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, "என்ன விட்டா வேற ஆளே கெடைக்கலயா உனக்கு?" என்று கேட்டார்.

"உங்களப் பத்தின்னாதாங்க எனக்கு வார்த்த வருது" என்றார் அம்மா. அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

பெருமுக்கலிலிருந்து மாமா ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்தபோதும் இதே கதைதான். "யக்கா, நான் வந்து அர மணி நேரம் ஆவுது. வாடான்னு ஒரு வார்த்த சொல்லல நீ" என்றார் மாமா.

"இர்றா. உன்னத்தான் எழுதிக்கினு இருக்கேன்" என்றார் அம்மா. மாமா அன்று சாப்பிட்டது, பேசியது, பேருந்தைத் தவறவிட்டது என அத்தனையும் இறந்தகாலத்தில் நோட்டில் ஏறிவிட்டது. அந்த நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன்.

கடிதம் எழுதும் பயிற்சிக்கு, தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு முறையிடும் கடிதம் ஒன்று நூலில் இருந்தது. எங்கள் தெருவில் விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆகவே அம்மா அதை எழுத மறுத்து, அங்கன்வாடி வாசலில் மூடியில்லாமல் கிடந்த கால்வாயைப் பற்றி எழுதினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கித்தான் அந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டும். கீழே தன் பெயர், வேலை, ஊர், எல்லாம் முழுதாக எழுதுவார். ஒரு நாற்பது தடவையாவது எழுதியிருப்பார். எழுத்துப்பிழை திருத்தியது நான்தான்.

தேர்வு விடைத்தாளில் கடிதம் எழுதினால் சொந்தப் பெயரும் ஊரும் போடவே கூடாது, வினாத்தாளில் கொடுத்த பெயரைத்தான் போட வேண்டும், மீறினால் தாளைத் திருத்தாமல் ஒதுக்கி வைத்துவிடலாம் என்று எங்கள் வகுப்பாசிரியர் பலமுறை சொல்லியிருந்தார். தனித்தேர்வரான அம்மாவுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

தேர்வு முடிந்து விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அம்மா எனக்காகக் காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

"லெட்டரு வந்துச்சுடி. ஊர்ல இருக்கற கொறைய எழுதுன்னு எனக்குன்னே கேட்டாப்ல இருந்துச்சு."

"பேரு இன்னா மா போட்ட?"

"என் பேருதான். பின்ன யார் பேரப் போடுவாங்க?"

அத்தனை பேருக்கு நடுவில் நான் கத்திவிட்டேன். "போச்சு மா. பேப்பர ஒதுக்கிடுவாங்க. ஒரு வருஷமா பண்ண வேல எல்லாம் போச்சு." அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. "எங்க ஊரு கொறைய நான் யாரோ பேருல எப்படிடி எழுதறது?" என்று மட்டும் கேட்டார். பேருந்து ஏறினோம். காணை வந்த பிறகுதான், "நீ நல்லா எழுதினியா?" என்று என் கையைப் பிடித்தார். 

மறுநாள் காலை ஆறு மணிக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். "ஐ வில் ஃபெயில்னு எழுதறதா, ஐ மே ஃபெயில்னு எழுதறதா?" என்று கேட்டார். "மே மா, மே" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதை அம்மா அன்றும் சொல்லிக் காட்டவில்லை, அதற்குப் பிறகும் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

முடிவு வந்தது. ஆங்கிலத்தில் முப்பத்தைந்து. தேர்ச்சிக்கு வேண்டியதும் முப்பத்தைந்துதான். அப்பா இரண்டு தடவை திரும்பப் பார்க்கச் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மார்க்கு கூடக் கூடுதலா போட மனசு வரல பாரு" என்றார். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தோம்.

அதன்பின் பன்னிரண்டு வருடம் அம்மா அந்த மையத்தின் பணியாளராக இருந்தார். கால்வாய்க் கடிதத்தைத் தமிழில் எழுதி ஊராட்சியில் நேரில் கொடுத்து, மேலே பலகைக்கல் போட வைத்தார். அவரிடம் முதல் வருடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் சிலர் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்த நாட்களிலும் அவர் பயிற்சியை விடவில்லை. காலையில் சுற்று வந்த இளம் மருத்துவரை நிறுத்தி, "டாக்டர், ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டார். சாப்பிடவில்லை என்று அவர் சொன்னதும், எங்களுக்கு வைத்திருந்த இட்லியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான்கு நாள் கழித்து, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், மாறி மாறி உடனிருந்த மாமா, சித்திமார்கள், காரியங்களை எடுத்துச் செய்த எங்கள் தெருவினர், வேனில் வந்து இறங்கி வரிசையாக நின்று அழுத அங்கன்வாடிப் பணியாளர்கள், அனைவருக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவர் இருக்கிறார். அவர் பெயரும் ஊரும் எங்களுக்குத் தெரியாது. எங்கோ ஒரு மையத்தில் உட்கார்ந்து அம்மாவின் ஆங்கிலத் தாளைத் திருத்திய ஆசிரியர். அம்மாவின் பெயர், வேலை, ஊர் எல்லாம் அந்தத் தாளில் தெளிவாக இருந்தன. அந்தக் கடிதத்துக்கு மதிப்பெண் விழாமல் முப்பத்தைந்து வந்திருக்காது. ஐயா, அல்லது அம்மா, நீங்கள் பெயரைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டீர்களா என்று எங்களுக்குத் தெரியாது. கவனித்தீர்கள் என்றுதான் அம்மா கடைசி வரை நம்பினார். "கால்வாயப் பத்திப் படிச்சாங்கடி. படிச்சிட்டுத்தான் போட்டாங்க" என்பார். எங்கள் அம்மாவின் கடிதத்தைப் படித்ததற்கு நன்றி.