மாட்டு அலர்ஜி

டாக்டர்கள் இனிமையாகப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் கணவர் சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, இரண்டு ஆபரேஷன் செய்தும் ஒட்டவில்லை. இனி ஊன்றுகோல்தான் கதி என்றிருந்தபோது, ஒரு டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வழி சொன்னார்.

"இடுப்பெலும்புல கொஞ்சம் மஜ்ஜை எடுப்போம். அதுல இருக்கிற ஸ்டெம் செல்லை லேப்ல வளர்த்து, செராமிக் துண்டுல ஏத்தி, விட்டுப்போன இடத்துல வச்சிடுவோம். செராமிக் மெல்லக் கரையும், புது எலும்பு வளரும்."

பீங்கான் எப்படிக் கரையும்? என் வீட்டுக் காபிக் கோப்பை இத்தனை வருடமாகக் கரையவில்லையே. இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் சிகிச்சை என்று வேறு சொன்னார். சோதனைக்கு எலி கிடைக்கவில்லை போலும் என்று நினைத்தேன். இவரோ மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

நர்ஸ் வந்து, "எனி அலர்ஜி?" என்றதும் நான் முந்திக்கொண்டு, "பீஃப்" என்றேன். சாப்பாட்டுக் கடைகளில் நாங்கள் வழக்கமாகச் சொல்வதுதான். சாமி, விரதம் என்றால் கரண்டியைக்கூட மாற்றமாட்டார்கள். அலர்ஜி என்றால் பயந்துபோய் வேறு சட்டி எடுப்பார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மட்டும் எப்படி நம்புவது?

சில நாள் கழித்து, லிட்டில் இந்தியாவில் ஒரு சைவ உணவகத்தில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா என் போனுக்கு அழைத்தார். கையெல்லாம் சாம்பார், ஸ்பீக்கரில் போட்டேன்.

"பீஃப் சாப்பிட்டா அவருக்கு என்ன ஆகும்? மூச்சுத் திணறுமா? செல் வளர்க்கிற திரவத்துல கன்னுக்குட்டி ரத்தத்துலேருந்து எடுத்த சீரம் இருக்கு. கழுவினாலும் துளி ஒட்டியிருக்கும். நெஜமாவே அலர்ஜின்னா இதைச் செய்ய முடியாதும்மா."

பார்த்தீர்களா! கன்றுக்குட்டி ரத்தம். ஒரு வார்த்தை சொன்னார்களா முதலில்? வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டாக்டர், அலர்ஜியெல்லாம் ஒண்ணுமில்ல. வேலை செஞ்ச எடத்துல, கேண்டீன்ல, பீஃப் ரெண்டாங் கறி நெறைய சாப்பிட்டிருக்கேன். ஒண்ணும் ஆனதில்ல லா."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தால்கூட ஜன்னலைச் சாத்துகிற மனிதர் இவர். என் முகத்தைப் பார்க்காமல் மோரை எடுத்துக் குடித்தார்.

எலும்பு ஒட்டிவிட்டது. இப்போது சுவா சூ காங் எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் எனக்கு முன்னால் நடக்கிறார். அன்று சொன்னது உண்மையா பொய்யா என்று நான் இன்னும் கேட்கவில்லை. உண்மையென்றால், இத்தனை வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார். பொய்யென்றால், நடப்பதற்காக அப்படியொரு பொய்யைச் சொல்லத் துணிந்த மனிதரிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.