ஊசிக்கண் சொன்ன கதவு

சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக அவள் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக அவள் மேசைக்கு வரும். காலரைப் புரட்டி, கையைப் புரட்டி, உள்தையலில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். கோணல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். யார் தைத்தது என்கிற தாட்சண்யமெல்லாம் கிடையாது. மேலாளர் ஒருநாள் போட்டுக்கொண்டு வந்த சட்டையிலேயே மூன்றாவது பொத்தான் துளை பிரிந்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள். அதனால்தான் தனக்குப் பதவி உயர்வு வரவில்லை என்பாள். துளை பிரிந்திருந்தது என்னவோ உண்மைதானே என்றும் சேர்த்துக்கொள்வாள்.

வீட்டுக்காரர் முடிதிருத்துகிறவர். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, மூலையில் ஒரு டிவி, அவ்வளவுதான் கடை. அந்த டிவியில் ஓர் அனிமே தொடர் ஓடும். தன் நிழலைத் தொலைத்துவிட்ட வாள்வீரன் ஒருவன் அதைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்கிற கதை. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று, அந்தத் தொடரை வைத்து வந்த வீடியோ கேம்கள் மூன்றையும் ஒரு பழைய மெஷினையும் வாங்கி வைத்தார். வினை அங்கேதான் பிடித்தது. முறை வந்தாலும் ஒருத்தரும் எழுந்து நாற்காலிக்கு வரவில்லை. ஓர் ஆசாமி மூன்று நாள் வந்து, மூன்று நாளும் வளர்ந்த முடியோடே வீடு திரும்பினார். நான்காம் நாள் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. கத்தரி பிடித்துப் பழகிய விரல் என்பதால் சண்டை அவர் பொறுப்பு. எவ்வளவு பெரிய வில்லனையும் கண்ணிமைப்பதற்குள் சாய்த்துவிட்டு, அடுத்து வருகிற கதைக் காட்சியில் குறட்டை விடுவார். அவளுக்குச் சண்டை சுத்தமாக வராது. முதல் வில்லனிடமே பதினேழு தடவை செத்தாள். ஆனால் எதிரிகள் ஒழிந்து காலியாகிப் போன அறையில் அவளை விட்டால் போதும். வாள்வீரனைச் சுவரோரமாக நிறுத்தி, ஓர் அடி வைப்பதும் பட்டனை அமுக்குவதுமாக நான்கு சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். கேம் செய்தவர்கள் ஒளித்து வைத்த பெட்டி, ஏணி, பொய்ச்சுவர் எதுவும் அவளிடம் தப்பவில்லை.

இப்படிக் கண்டுபிடித்ததை எல்லாம் அவள் ஓர் இணையதளத்தில் எழுதிப் போட்டாள். அந்தத் தொடரின் கேம்களுக்கென்றே டிப்ஸும் ரகசியங்களும் சேர்க்கிற தளம். நடத்துகிறவர் பகலில் மூக்குக்கண்ணாடி விற்பவர். தளத்தில் அவளுக்குப் பெயர் ஊசிக்கண். எந்த மாடத்தில் எத்தனையாவது செங்கல், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், பட்டனை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று பிசிறில்லாமல் எழுதுவாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் அனுப்புவாள். ஆறு வருஷத்தில் நூற்று நாற்பது ரகசியம், ஒன்றுகூடத் தப்பில்லை. படிக்கிறவர்கள் அவளை ஆண் என்று நினைத்துக்கொண்டு அண்ணே என்பார்கள், தலைவா என்பார்கள். சட்டையில் கோணல் என்றால் ஸ்டிக்கர் ஒட்டலாம், இதற்கு எதை ஒட்டுவது என்று அவளும் விட்டுவிட்டாள்.

நூற்று நாற்பத்தொன்றாவதில்தான் சறுக்கினாள்.

மூன்றாவது கேமில் ஒரு கோட்டை வரும். அதன் அடுப்படியில் ஒரு சமையல்காரர் நிற்பார். வாள்வீரன் போய்ப் பேச்சுக் கொடுத்தால் அவர் வாயிலிருந்து மூன்று புள்ளிதான் வரும். மறுபடி பட்டனை அமுக்கினால் மறுபடி மூன்று புள்ளி. எல்லோரும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, இவன் ஊமை என்று போய்விடுவார்கள். ஒரு சாயங்காலம் அந்தச் சமையல்காரர் அவளிடம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி, விறகுக் குவியலுக்குப் பின்னால் இருந்த கதவையும் திறந்துவிட்டார். உள்ளே வாள்வீரனுடைய நிழலின் இடது கை கிடந்தது. உலகத்தில் யாரும் கண்டிராத துண்டு. அதே சாயங்காலம் வீட்டில் வேறு ஒரு களேபரமும் நடந்ததால் சேவ் பண்ணாமலே மெஷினை அணைத்துவிட்டாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது? செய்து பார்க்காமல், சமையல்காரரிடம் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால் கதவு திறக்கும் என்று ஒரு மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பிவிட்டாள்.

ஆயிரக்கணக்கான பேர் கட்டைவிரல் தேயத் தேய அமுக்கிப் பார்த்தார்கள். வேகமாக அமுக்கினால் சமையல்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார். கதவு அசையவே இல்லை. அவளே அமுக்கிப் பார்த்தாள், அவளுக்கும் முதுகுதான் கிடைத்தது. ஊசிக்கண் கதை விடுகிறான் என்று எழுத ஆரம்பித்தார்கள். இது பொய் என்றால் பழைய நூற்று நாற்பதும் எந்த லட்சணமோ, மொத்தத்தையும் தூக்குங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்த தளக்காரர் கடைசியில் தயங்கித் தயங்கிச் செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கதவைத் திறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நூற்று நாற்பத்தொன்றையும் நீக்கிவிடுவார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் கேம்தானே என்று தேறுதல் சொன்ன வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் அடங்கிவிட்டார். தான் சரி என்று அனுப்பிய ஒன்றை ஊர் திருப்பி அனுப்புவது அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவை. சொல்லப்போனால் அவளிடம் சொத்து என்று இருந்ததே அந்த வார்த்தை சுத்தம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். கதவு திறந்த அன்றைக்குக் கடைக்கு விடுமுறை, அவர் கட்டிலில் படுத்திருந்தார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அன்னைக்கு நீ உங்க அக்காகூட ஃபோன்ல பேசிட்டிருந்தே. அவங்க பேசப் பேச நீ ம் கொட்டிட்டே இருந்தே. ஒவ்வொரு ம்முக்கும் உன் கட்டைவிரல் தன்னால அமுங்குச்சு. என் தொழில்ல பாதி ம் கொட்டறதுதாம்மா, எனக்குத் தெரியாதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊமை என்று எல்லோரும் நினைத்த ஆள் அந்த மூன்று புள்ளியிலேயே கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். விட்டு விட்டு, அலுக்காமல் ம் கொட்டுகிறவருக்குத்தான் கதவு. உடனே வீட்டுக்காரரைப் பேசச் சொல்லி, தான் ம் கொட்டிப் பார்த்தாள். அவர் பேச்சு மூன்று நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. நாற்காலியின் ஸ்க்ரூ லூசாகிவிட்டது, ஒருவர் மீசையை ஒரு பக்கம் மட்டும் எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். சமையல்காரர் முதுகைத் திருப்பினார். கடிகாரத்தைப் பார்த்து அமுக்கிப் பார்த்தாள், அந்தச் சீரான தட்டலுக்கும் முதுகுதான். செய்திச் சேனலுக்கு ம் கொட்டிப் பார்த்தாள். அதற்கு ம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளை மணிக்கணக்கில் தன்னை அறியாமல் ம் கொட்ட வைக்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான், அக்கா. அந்த அக்கா இவளோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது.

கதவு திறந்த சாயங்காலத்துக் களேபரம் அதுதான். அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், இவள் ம் கொட்டிக்கொண்டே வந்தாள். கதவு திறந்ததும் இவள் ஃபோனிலேயே "திறந்துடுச்சு, திறந்துடுச்சு" என்று கத்தினாள். மறுமுனை அறுந்துபோயிற்று. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒரு கதவுக்காக இவ்வளவு ரோஷமா என்று இவளுக்கும் முறுக்கு ஏறி, அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது முறுக்கைப் பார்த்தால் ஆகாது. டிவியில் அடுப்படியைத் திறந்து, சமையல்காரர் எதிரே வாள்வீரனை நிறுத்தி, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டாள். எட்டாவது மணியில் அக்கா எடுத்தாள். சும்மாதான் கூப்பிட்டேன், ஏதாவது பேசு என்றாள் இவள். இவளைத் தூக்கி வளர்த்தவள் அக்கா, அவளிடமா இது பலிக்கும்? என்ன வேணும் என்று ஒரே கேள்விதான் கேட்டாள். இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். நீ பேசணும், நான் ம் கொட்டணும், இல்லாவிட்டால் என் மானம் போய்விடும் என்றாள்.



"சரி, பேசறேன்," என்றாள் அக்கா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. அன்னைக்கு நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?"

  இவளுக்கு அந்த அடுப்படி எப்படி இருந்தது என்று தெரியும். விறகுக் குவியலில் எத்தனை கட்டை, கதவில் எந்தப் பக்கம் கீல், சமையல்காரரின் தலைத்துணியில் எத்தனை மடிப்பு, எல்லாம் தெரியும். நாற்பது நிமிஷம் காதுக்குள்ளேயே பேசிய அக்காவின் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. பிரிந்த பொத்தான் துளையைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"தெரியலக்கா. நான் கேக்கவே இல்ல."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா திட்டவில்லை. முதலிலிருந்து சொன்னாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டதை, டாக்டர் முகம் கொடுக்காமல் சீட்டு எழுதியதை, சதையெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதை, வீட்டில் யாரிடமும் வாய்விட முடியாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை.

"கூட நீ வருவியான்னு கேக்கத்தாண்டி அன்னைக்குக் கூப்பிட்டேன்."

வீட்டுக்காரர் இதற்குள் அவள் மடியிலிருந்து நழுவிய கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவள் வாயைப் பார்த்தபடி, ம் வந்தால் அமுக்கிவிடக் கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தார். ம் வரவே இல்லை. ஜாடை காட்டினார், தன் வாயாலேயே ம் என்று செய்து காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இடையிடையே அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் அப்புறம், யாரு கூட வந்தா, எங்க உக்காந்திருந்தே, பசிக்கலையா என்கிற கேள்விகள்தான். திரையில் சமையல்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா தனியாகத்தான் போயிருக்கிறாள். வெறும் கொழுப்புக் கட்டிதான், பயமில்லை என்று ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லக் கூப்பிடலாம் என்று நினைத்தும் ரோஷத்தில் விட்டுவிட்டாளாம். இவள் மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானை நனைந்துவிட்டது. வாழ்நாளில் அவ்வளவு பெரிய பிரிந்த தையலை அவள் பார்க்காமல் விட்டதில்லை, அதை அக்காவிடம் சொல்லவும் செய்தாள்.

"சரி விடு. உன் கதவு என்னாச்சு?"

"திறக்கலக்கா. ம் கொட்ட மறந்துட்டேன்."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னாள். "நாளைக்கு நான் கூப்பிடறேன். பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார் ரிப்பேரான கதை ஒண்ணு இருக்கு, உப்புச் சப்பு இல்லாதது. ஒரு மணி நேரம் சொல்றேன். நீ காதுலயே வாங்காதே, சும்மா ம் மட்டும் கொட்டு."

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னபடி அக்கா கூப்பிட்டாள். இவள் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ம் ஒழுங்காகத்தான் விழுந்தது, ஒன்பது நிமிஷம். அதன் பிறகு, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன மெக்கானிக் வேறு மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினான் என்று அக்கா சொன்னாள். "அப்போ அவங்க மோட்டார் எங்க போச்சு?" என்று இவள் கேட்டுவிட்டாள். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தளக்காரருக்கு அவள் எழுதியது இதுதான்: "கதவு இருக்கிறது. பேசுகிறவர் சொல்வது காதில் ஏறாமல், ஆனால் கேட்பதுபோல விட்டு விட்டு ம் கொட்டி, ஒவ்வொரு ம்முக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நாற்பது நிமிஷமாவது ஆகும். எனக்கு அது இப்போது வரவில்லை. செய்து பார்க்காமல் அனுப்பியது என் தப்பு. எல்லாவற்றையும் நீக்குவதானால் நீக்கிவிடுங்கள்."

தளக்காரர் அதை அப்படியே போட்டார். இரண்டே நாளில் நானூறு பேர் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது திறந்ததாம், ஒருவர் மேலதிகாரியின் வீடியோ கூட்டத்தில், ஒருத்தி தன்னைப் பெண் பார்க்க வந்தவரோடு ஃபோனில் பேசும்போது. இவ்வளவு சுலபமா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். ஊசிக்கண் அண்ணனைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் கடிதமாக வந்தது, நூற்று நாற்பத்தொன்றும் தளத்திலேயே இருந்தன.

அவளுக்கு மட்டும் இன்றுவரை திறக்கவில்லை. அக்கா தினமும் கூப்பிடுகிறாள்.